நொமினேசனுக்குப் போற மருமகனுக்கு

மருமகன், நீ வயலை ஈடு வச்சுக் கமரா வாங்கினதெண்டு கொம்மா அழுதுகொண்டு வந்து சொன்னா. அழாத தங்கச்சி, அவன் ஒஸ்காருக்குப் போறான், திரும்பி வந்து மூண்டு வயல் வாங்குவான் எண்டு சொல்லி அனுப்பியிட்டன். பொய் சொன்ன வாயால உனக்கு நாலு உண்மையும் சொல்லவேணும். இரி.

முதல்ல தோக்கிற மூஞ்சியைப் பழகிக்கொள். வெல்லுற மூஞ்சிக்குப் பழக்கம் தேவல்ல, அது கழுதைக்கும் வரும். நொமினேசன் எண்டு ஐஞ்சு பேரைக் கூப்பிட்டுக் கதிரையில இருத்துவாங்க. ஒருத்தன்ட பேரை வாசிக்கக்குள்ள மத்த நாலு பேர்ட மூஞ்சியும் பெட்டி பெட்டியா டீவியில வரும். நாலு பேரும் பல்லுத் தெரியச் சிரிக்கவேணும், கை தட்டவேணும், வெண்டவன் பக்கத்தால போனாக் கட்டிப் பிடிக்கவும் வேணும். வயித்தெரிச்சல் மூக்கால வரப்படாது. பீட்டர் ஓ டூல் எண்டொரு நடிகர், ஏழு தரம் நொமினேசன் எடுத்து ஏழு தரமும் தோத்தவர். 2003ல பாவமெண்டு கௌரவ விருதொண்டைக் கையில குடுத்தாங்க. ஆள் விடல்ல. 2007ல எட்டாந்தரமும் வந்து தோத்திட்டுத்தான் போனார். உன்ட மூஞ்சியை நான் அறிவன். பிட்டுக்கு மீன்கறி இல்லயெண்டாலே மூண்டு நாளைக்குத் தூக்கி வச்சிருப்பாய். எட்டுத் தரம் தாங்குவியா?

இந்த விசயத்தில நம்மட ஆக்கள் நேர்மையானவங்க. கண்ணகை அம்மனுக்குக் கொம்பு விளையாடின காலத்தில ஊர் ரெண்டாப் பிரியும். கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகை பக்கம் தென்சேரி. வளைஞ்ச கொம்பு ரெண்டையும் கொழுவி, வடத்தைக் கட்டி இழுக்கிற. ஆர்ட கொம்பு முறிஞ்சுதோ அவங்க தோல்வி. வெண்ட சேரி ஆடும், பாடும், தோத்த சேரியை வசை பாடும். அந்த வசையைக் கேட்டாக் காது கூசும், ஆனா அம்மன் ஒண்டும் சொல்லமாட்டா. தோத்தவனிட்டச் சிரிப்பு வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல. அவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்ட போகலாம், வழியில திட்டிக்கொண்டும் போகலாம். ஹொலிவூட்டில அந்தச் சுதந்திரம் இல்ல மனே. அங்க கொம்பு முறிஞ்சவனும் கோட்டுப் போட்டுக்கொண்டு கை தட்டவேணும்.

துடக்கத்தில இந்தத் தொல்லை இருக்கல்ல. 1929ல லொஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டல் ஒண்டில, ஆளுக்கு ஐஞ்சு டொலர் டிக்கெட், சாப்பாட்டோட சாப்பாடாக் கால் மணித்தியாலத்தில எல்லா விருதையும் குடுத்து முடிச்சிட்டாங்க. வெண்டது ஆரெண்டு மூண்டு மாசத்துக்கு முன்னமே சொல்லியாச்சு. தோத்தவன் வீட்டிலயே அழுது முடிச்சிட்டுச் சாப்பிட மட்டும் வந்திருப்பான். மறுகா 1940ல பேப்பர்காரன் முந்திக்கொண்டு பேரைப் போட்டிட்டான். அடுத்த வருசத்தில இருந்து உறைக்குள்ள வச்சு ஒட்டத் துடங்கினாங்க. ஒட்டியும் என்ன? 2017ல உறை மாறிப் போச்சு. 'லா லா லாண்ட்' எண்டு வாசிச்சு, அந்தப் படக்காரர் மேடையில ஏறி நன்றி சொல்லிக்கொண்டு நிக்கக்குள்ள, இல்லையாம், 'மூன்லைட்'டாம் எண்டு கதை வருது. விருதைக் கையில வச்சிருந்த மனிசன் தானே மைக்கில சொல்லி, மூன்லைட் ஆக்களைக் கூப்பிட்டுக் குடுத்தான். நீ குடுப்பியா? மச்சானிட்ட வாங்கின சைக்கிள் பம்பே இன்னும் உன்ட திண்ணையிலதான் கிடக்கு.

எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியுமெண்டு பாக்கிறாய். கடையில வடை சுத்தித் தாற பேப்பரை நான் எறியிறல்ல.

ஒஸ்காரைத் தேடி அமெரிக்காவுக்குப் போகத் தேவல்ல. அது ஒருக்கா நம்மட நாட்டுக்கு வந்து குளிச்சிட்டுப் போனது. கித்துல்கலையில களனி ஆத்துக்குக் குறுக்க டேவிட் லீன் எண்ட வெள்ளைக்காரன் மரப்பாலம் ஒண்டைக் கட்டி, 1957ல வெடி வச்சுத் தகர்த்தான். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. அடுத்த வருசம் பங்குனி 26ந் திகதி அந்தப் படத்துக்கு ஏழு ஒஸ்கார். கதை தாய்லாந்துக் கதை, காடும் ஆறும் நம்மட. காட்டுக்கு ஒரு விருதும் இல்ல. பாலம் நிண்ட இடத்து அத்திவாரத்தை இண்டைக்கும் சுற்றுலாக்காரனுக்குக் காட்டுறாங்க. அது கித்துல்கலைக்காரனுக்குக் கிடைச்ச எட்டாவது ஒஸ்கார்.

அந்த ஏழில ஒண்டுதான் எனக்கு விருப்பமான பகிடி. திரைக்கதை விருது பியர் புல் எண்ட பிரெஞ்சுக்காரருக்குப் போனது. நாவலை எழுதினது அவர்தான், ஆனாப் பிரெஞ்சில. அந்த மனிசனுக்கு இங்கிலீசில திரைக்கதை எழுதத் தெரியா. உண்மையில எழுதினது கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும். அவங்க ரெண்டு பேரும் கொம்யூனிஸ்ட் எண்ட சந்தேகத்தில ஹொலிவூட் கறுப்புப் பட்டியல்ல கிடந்தபடியா, படத்தில பேர் போட ஏலாது. எழுதாத ஆளுக்கு விருது, எழுதின ஆக்களுக்கு வாய்க்கு அரிசி. 1984லதான் அகடமி அதைத் திருத்தினது. வில்சன் அதுக்கு ஆறு வருசம் முன்னமே செத்திட்டார், போர்மனும் அந்த வருசமே போயிட்டார். அதனால மருமகன், உன்ட படத்துக்குக் கதை எழுதித் தாற பொடியன்ட பேரை டைட்டில்ல பெரிசாப் போடு. அவன் கொம்யூனிஸ்டெண்டாலும் பரவால்ல. இஞ்ச இப்ப அதுக்கு ஆரும் பயப்பிடுறல்ல.

கித்துல்கலைக் கதை இன்னும் முடியல்ல. பள்ளிக்கூடச் சுற்றுலாவில போய் அந்தப் படப்பிடிப்பைப் பாத்த பொடியன் ஒருத்தன். வெள்ளைக்காரன் 'ரெயின்' எண்டு கத்தினானாம், மழை பெஞ்சுதாம். கடவுளுக்கும் டிரெக்டருக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு பொடியனுக்கு. அந்தப் பொடியன் அமிர்தகழி. மாமாங்கப் பிள்ளையார்ட ஊர். பெஞ்சமின் மகேந்திரன் எண்டு பேர், உலகத்துக்குப் பாலு மகேந்திரா.

பூனே பிலிம் இன்ஸ்டிட்யூட்டில ஒளிப்பதிவு படிச்சு, 1969ல தங்கப் பதக்கத்தோட வெளிய வந்தவர். இந்தியாவின்ட தேசிய விருதெண்டா அது 1954ல இருந்து வருசாவருசம் குடுத்து வாற சாமான். அதை அவர் வீட்டுக்குப் பால் வாற மாதிரி வாங்கினவர். 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கெண்டு. மறுகா 'வீடு', 'சந்தியா ராகம்', 'வண்ண வண்ணப் பூக்கள்'. அவர்ட தாய் நெடுகச் சிரிச்ச முகமா இருந்தவவாம், வீடு கட்டத் துடங்கினாப் பிறகு அந்தச் சிரிப்புப் போச்சாம். அதுதான் 'வீடு' படத்துக்கு வித்தெண்டு அவரே சொல்லியிரிக்கார். நம்மட ஊர்ல வீடு கட்டி முடிச்ச எந்தப் பொம்பிளை சிரிச்சாள்? ஆனா அதைப் பாத்துப் படம் எடுக்கவேணுமெண்டு அவர் ஒருத்தருக்குத்தான் பட்டிரிக்கு. நாங்க எல்லாம் சீமெந்து விலையைத்தான் பாத்தம்.

அந்தப் படத்துக்கு அர்ச்சனா அந்த வருசம் இந்தியாவின்ட சிறந்த நடிகை. அதே வருசம் 'நாயகன்' படத்துக்குக் கமல் சிறந்த நடிகர். ஒளிப்பதிவு விருதை மட்டும் பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்' படத்துக்கெண்டு கொண்டுபோயிட்டார். பரவால்ல, ஊர்ப் பொடியன் எல்லாத்தையும் அள்ளினாலும் கண் பட்டிரும்.

கடைசி விருதுதான் கதை. 'தலைமுறைகள்' எடுத்திட்டு 2014 மாசி 13ந் திகதி மனிசன் கண்ணை மூடியிட்டார். சித்திரையில அறிவிக்கிறாங்க, நர்கீஸ் தத் விருதாம். நர்கீஸ் ஆர் தெரியுமா? 'மதர் இந்தியா'வில தாய் வேசம் போட்டவ. அந்தப் படம் இந்தியா முதல் முதல் ஒஸ்காருக்கு அனுப்பி நொமினேசனும் எடுத்த படம். தோத்தது எந்த இரவெண்டு நினைக்கிறாய்? 1958 பங்குனி 26. டேவிட் லீன்ட பாலம் ஏழு எடுத்த அதே இரவு. மதர் இந்தியா இத்தாலிக்காரன் பெலினிட்டத் தோத்திட்டுக் கிறுகி வந்தது. மழையைப் பாத்து வாய் பிளந்த அமிர்தகழிப் பொடியனுக்கு, அந்த இரவு தோத்த தாயின்ட பேரில அப்ப இருந்த விருது, அம்பத்தாறு வருசம் கழிச்சுக் கிடைக்குது. வாங்க ஆள் இல்ல. நான் இதை வாசிகசாலையில சொன்னன், ஒருத்தன் 'அப்பிடியா' எண்டு போட்டு இறால் விலை கேட்டான்.

விருது எடுத்தவனை 'நம்மட ஆள்' எண்டு சொல்ல வரி கிடையாது. அவர் படிக்கப் போகக்குள்ள 'உனக்கென்ன விசரா' எண்டு கேட்டிருக்கும் இந்த ஊர். இண்டைக்கு ஆளுக்காள் ஒரு சொந்தம் சொல்லுவாங்க. நானும் சொல்லுவன். அவர்ட 'அழியாத கோலங்கள்' படத்தில வாற ஆத்தங்கரைப் பொடியன்களைப் பாத்திட்டு, அது நம்மட ஆறுதான், அந்தத் தண்ணியில நானும் குளிச்ச நான் எண்டு மாமியிட்டச் சத்தியம் பண்ணினன். மாமி நம்பல்ல.

இதில ஒரு விசயம் கவனிச்சியா? 'வீடு' படத்தில ஒரு கிழவன், சொக்கலிங்க பாகவதர். 'சந்தியா ராக'த்தில அதே கிழவன். 'தலைமுறைகள்' படத்தில டிரெக்டரே கிழவன். 'வண்ண வண்ணப் பூக்க'ளை விடு, அது இளந்தாரி விசயம். மத்தப்படி படத்துக்கெண்டே விருது எடுத்ததில எல்லாம் ஒரு கிழவன் குந்தியிரிக்கான். நான் சும்மா சொன்னன். வேற ஒண்டுக்குமில்ல.

நீ கேப்பாய், தமிழ்ப்படம் ஒண்டும் ஒஸ்காருக்குப் போகல்லயா எண்டு. போனது, போனது. 1969ல 'தெய்வமகன்' போனது. அதில சிவாஜி மூண்டு வேசம். ஒருத்தருக்கு மூண்டு பேராச் சிவாஜி போயும் ஒரு நொமினேசன் கிடைக்கல்ல. மறுகாக் கமலுக்கு அந்தக் கதவைத் தட்டுறதே தொழிலாப் போச்சு: 'நாயகன்', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஹே ராம்'. 2016ல 'விசாரணை'. 2021ல 'கூழாங்கல்', ஒரு தகப்பனும் மகனும் வெயிலுக்குள்ள நடக்கிற கதை, ரொட்டர்டாமில புலி விருது எடுத்த படம். ஒண்டுக்கும் கடைசி ஐஞ்சில இடம் இல்ல. ஒரு நாட்டுக்கு ஒரு படம் எண்டதுதான் அப்ப அங்க சட்டம், அந்த ஒண்டையும் அந்தந்த நாட்டுக் குழுதான் பொறுக்கினது. நம்மட நாட்டுப் படமெண்டா இண்டு வரைக்கும் ஒண்டும் நொமினேசன் எடுக்கல்ல, சிங்களத்திலயும் இல்ல, தமிழிலயும் இல்ல. இந்த ஒரு விசயத்தில நாட்டில எல்லாரும் சமம்.

நீ எடுக்கிறது குறும்படமெண்டா வழி வேற. அவங்கட பட்டியல்ல உள்ள ஒரு விழாவில முதல் வெல்லவேணும், இல்லாட்டி அமெரிக்கத் தியேட்டரில ஏழு நாள் தொடர்ந்து ஓடவேணும். அதுக்கு முன்னம் உன்ட வீட்டு டீவியில ஏழு நிமிசம் ஓடட்டும், கொம்மா ரிமோட்டைத் தேடாம. ஓடினா அமெரிக்காக்காரனைப் பிறகு பாப்பம்.

பாடும் மீனை எடுக்கப் போறெண்டு சொன்னாயே, அதைப் பத்தியும் ஒண்டு. நிலாக்காலத்தில கல்லடிப் பாலத்தடியில தோணியை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மத்த நுனியைக் காதில வச்சாத்தான் அந்தச் சத்தம் கேக்கும். இதில கமராவுக்கு என்ன வேலை? இருட்டில ஒரு கிழவன் துடுப்பைக் காதில வச்சிருக்கிறது மட்டும்தான் தெரியும். அதுவும் கெட்டதில்ல. சத்தத்துக்கும் ஒஸ்கார் இரிக்கு, 2009ல கேரளத்து ரசூல் பூக்குட்டி எடுத்தவர். மீனை நொமினேசனுக்குப் போட்டாக் கோட்டும் வாங்கத் தேவல்ல.

அந்த 2009 மாசியில என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியா, நீ அப்ப அரைக்காற்சட்டை. ரஹ்மான் ரெண்டு ஒஸ்காரை ரெண்டு கையில பிடிச்சுக்கொண்டு, புகழெல்லாம் இறைவனுக்கெண்டு தமிழில சொன்னார். பாட்டு விருதுக்கு மொத்தம் மூண்டு நொமினேசன், அதில ரெண்டு அவர்ட. ஒரு பாட்டுக்கு அவரோட சேந்து நொமினேசன் எடுத்தவ நம்மட இலங்கைத் தமிழ்ப் பிள்ளை, எம்.ஐ.ஏ. எண்ட மாதங்கி. 'ஓ சாயா' தோத்தது, 'ஜெய் ஹோ' வெண்டது. அதாவது ரஹ்மான்ட கூட்டாளி ரஹ்மானிட்டயே தோத்தா, ரஹ்மானும் ரஹ்மானிட்டத் தோத்தார். அப்பிடித் தோக்க வரம் வேணும். அந்த மாசி மாசம் இந்த நாட்டில ஆர் இருந்து டீவி பாத்த? வன்னியில இருந்து வாற செய்திக்குத்தான் காது கிடந்தது. அதை விடுவம்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒண்டு கிடைச்சதே எண்டு கேப்பாய். 'தீபன்', 2015, கான் விழாவில தங்கப் பனை. அல்லைப்பிட்டிச் சோபாசக்தி நடிச்ச படம், எடுத்தது பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார். பனை அவங்கட வளவு மரம், கிடைக்கத்தானே வேணும். ஆராவது தங்கத் தென்னை எண்டு ஒண்டு வச்சா, அது மட்டக்களப்புக்குத்தான். ஆனா இதையும் கேள்: தங்கப் பனை எடுத்த படத்தைப் பிரான்ஸ் அந்த வருசம் ஒஸ்காருக்கு அனுப்பல்ல. துருக்கிப் பிள்ளைகள்ட கதை, 'முஸ்டாங்', அதைத்தான் அனுப்பினாங்க. அது நொமினேசன் எடுத்து ஹங்கேரிக்காரனிட்டத் தோத்தது. தகப்பன் வீட்டில மூத்தவனுக்குப் பட்டுவேட்டி கட்டிப்போட்டுக் கலியாணத்துக்குச் சின்னவனைக் கூட்டிப்போன மாதிரி.

2023ல முதுமலையில எடுத்த யானைப் படம் ஒண்டு விவரணக் குறும்பட ஒஸ்காரை எடுத்தது. பொம்மன், பெள்ளி எண்ட சோடியும் தாயில்லா யானைக்குட்டியும். நம்மட படுவான்கரையில யானைக்குப் பஞ்சமா? ஆனா அங்கத்த யானையிட்ட இரகசியம் பேசலாம், இஞ்சத்த யானை வேலியைப் பிடுங்கிப்போட்டுத்தான் பேச்சுக்கு வரும். நீ அந்தப் பக்கம் போகாத. ஒண்டை மட்டும் குறிச்சுக்கொள், அந்தப் படத்திலயும் வயசு போன ஆக்கள்தான்.

சரி, வெண்டிட்டாய் எண்டு வச்சுக்கொள்ளுவம். பேச 45 செக்கன்தான், மறுகா வாத்தியம் போட்டுத் துரத்துவாங்க. 45 செக்கனுக்குள்ள கொம்மாட குடியைச் சொல்லி முடிக்கேலா. முதல் பத்துச் செக்கனில தாய்மாமன்ட பேரைச் சொல்லிப்போடு, மிச்சத்தை அமெரிக்காக்காரனுக்குக் குடு. பொம்மை மூண்டே முக்கால் கிலோச் சொச்சம், வெண்கலத்தில தங்கப் பூச்சு. விக்க நினைச்சா முதல்ல அகடமியிட்டத்தான் கேக்கவேணும், அவங்க தாற விலை ஒரு டொலர். ஒரு கிலோ இறாலுக்கும் காணாது. வயல் மீளாது மருமகன், கொம்மாவிட்ட இதைச் சொல்லாத. 'காந்தி' படத்துக்கு உடுப்புத் தைச்சு 1983ல இந்தியாவுக்கு முதல் ஒஸ்கார் எடுத்துத் தந்த பானு அத்தையா, பாதுகாப்பா இருக்கட்டுமெண்டு 2012ல அதை அகடமியிட்டயே திருப்பிக் குடுத்திட்டா. அவ கெட்டிக்காரி. நீ கொண்டுவந்தா கொம்மா அதைத் தயிர்ச் சட்டிக்கு மூடியில பாரமா வைப்பா.

இனிக் கணக்குப் பேசுவம். கிழவன் வேசத்துக்கு நீ டவுண்ல ஆள் தேடுறெண்டு கேள்விப்பட்டன். முப்பது வயசுப் பொடியனுக்கு மாப் பூசி நரைக்கப் போறியாம். என்ட தலையில மாப் பூசத் தேவல்ல, பல்லும் தானா விழுந்திரிக்கு. சம்பளம் வேணாம். குருக்கள்மடத்துப் பாதையில வந்து போற காசு, மத்தியானம் சோறும் நண்டுக்கறியும், பின்னேரம் பால் தேத்தண்ணி. வசனத்தை நீ எழுதாத, நானே பறைவன். வெயிலுக்குள்ள நடக்கச் சொன்னாலும் நடப்பன், ஆனா பத்து மணிக்கு முன்னம். துடுப்பைக் காதில வச்சிருக்கிறதெண்டா எவ்வளவு நேரமும் இருப்பன்.

ஒரு நிபந்தனை மட்டும் இரிக்கு. 'வீடு' படத்தில பாகவதர் கடைசியில சாகிறார். விருதுக்காரங்களுக்கு அது பிடிக்குமெண்டு எனக்கும் தெரியும். என்னைச் சாகடிக்காத, மாமி அழுவா. அவ அழாட்டி அது இன்னும் கரைச்சல்.